ஐயாவின் திண்ணை

புதுச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து பெருமாள் கோவில் தெருவுக்கு நடந்தே போகலாம். பாரதிதாசன் வாழ்ந்த தெரு. அவரிடம் பழகிக் கவிதை கற்ற ஒருவர் எங்கள் தெருக்கோடியில் இருந்தார். அவருடைய கவிதை நூல்கள் வந்திருந்தன; வெளியூர்க் கவியரங்குகளுக்கு வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். தெருவில் எல்லாருக்கும் அவர் ‘ஐயா’தான்.

எட்டாம் வகுப்புக் கோடை விடுமுறையில் என் கவிதை நோட்டை எடுத்துக்கொண்டு அவர் திண்ணைக்குப் போனேன். கையைக் கழுவித் துண்டில் துடைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டி, முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார். நாக்கு இடறிய இடத்திலெல்லாம் பென்சிலால் சின்னக் கோடு. வெயில் திண்ணை ஏறியது; அவர் நகரவில்லை.

“எழுதுறப்ப வாயால சொல்லிப் பார்த்தியாம்மா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“கண்ணுக்கு எல்லாம் சரியாத்தான் தெரியும். சொல்லிப் பாரு, எங்க இடிக்குதுன்னு புரியும்.”

அந்த விடுமுறையில் நாள், மலர், காசு, பிறப்பு என்று வெண்பாவின் ஈற்றுச்சீர் எனக்கு மனப்பாடமாயிற்று. இலக்கணம் தெரிந்த பிறகு எப்படி வேண்டுமானாலும் எழுது என்பார். பெரிய மார்க்கெட்டில் மீன்காரப் பெண்கள் பேரம் பேசுவதை நின்று கேட்கச் சொன்னார். “அவங்க பேச்சுல ஒரு சொல்லாவது வீணா இருக்கான்னு பாரு.” அம்மாவோடு போகும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு சொல்லையும் எடுக்க முடியாது.

கவிதை எழுதியே பிழைக்கலாமா என்று ஒருநாள் கேட்டேன். சிறுபிள்ளைக் கேள்வி என்று தள்ளாமல் தம் ஆசானைப் பற்றிச் சொன்னார். 1909-இல் ஆசிரியர் வேலையில் சேர்ந்த பாரதிதாசன் 1946 வரை பள்ளியில் பாடம் நடத்தினார். ‘பாரதிதாசன் கவிதைகள்’ முதல் தொகுதி 1938-இல் வந்தபோது அவருக்கு 45 வயது தாண்டிவிட்டது. “சோத்துக்கு ஒரு வேலை வச்சுக்கோம்மா. அப்பதான் யாருக்கும் பயப்படாம எழுதலாம்.” இதைவிடப் பயனுள்ள அறிவுரையை நான் பிறகு எங்கும் கேட்டதில்லை.

வேணு நாயக்கர் வீட்டுத் திருமணக் கதையைச் சொல்லும்போது மட்டும் ஐயாவின் குரல் தழுதழுக்கும். பாரதி அங்கே இருப்பது தெரியாமலே பின்னாளில் பாரதிதாசன் ஆன இளைஞர் கனகசுப்புரத்தினம் அவருடைய பாட்டைப் பாடினார். அப்படித் தொடங்கிய பழக்கம். பிறகு ஒருநாள் பாரதி அவரையே ஒரு பாட்டு எழுதச் சொன்னார். எழுதியதைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் எழுதியது என்று குறிப்பிட்டு, சுதேசமித்திரனுக்கு அனுப்பிவைத்தார். பெரும்புலவன் ஒருவன் புதியவனுக்காகத் தன் பெயரையே பிணையாக வைத்தான். எத்தனை பாடம் நடத்தினாலும் அதற்கு ஈடாகாது.

நம் வீட்டுப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அவர்கள் நோட்டை நீட்டினால், ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். உட்கார்ந்து, கடைசிப் பக்கம்வரை வாய்விட்டுப் படியுங்கள்.