மெதுவாய் நடத்துகிறவர்

தியானத்திற்கு: ஏசாயா 40:11, ஆதியாகமம் 33:12-14



இரண்டாவது பிள்ளை உண்டாகியிருக்கிறது என்ற நற்செய்தியைச் சொன்னவுடனே, "ஸ்தோத்திரம்" என்ற சொல்லுக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "மூத்த பிள்ளையை எங்கே விடப்போகிறீர்கள்?" சொந்த ஊரிலே வாழ்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் பாரம் அவ்வளவாகத் தெரியாது. அடுத்த வீட்டில் பெரியம்மா இருப்பார்கள். எதிர்வீட்டில் அத்தை இருப்பார்கள். பிழைப்புக்காகப் பட்டணத்துக்கு வந்து, ஒரே அறையும் அடுப்படியுமான வாடகை வீட்டில் குடியிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கோ அது தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி.

நான் பொன்முடி மலையின் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். என் தாத்தா திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோட்ட வேலைக்காக மலையேறி வந்தவர். திருமணத்துக்குப் பின் நானும் கணவரும் திருவனந்தபுரம் நகரத்தில் குடியிருக்கிறோம். அவர் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறார். மூத்தவனுக்கு இரண்டு வயது நிறைந்த சில வாரங்களில் நான் மறுபடியும் கருவுற்றேன். மாமியும் நாத்தனாரும் ஒரே குரலாய்ச் சொன்னார்கள்: "பையனைப் பொன்முடிக்கு அனுப்பிவிடு. ஆச்சி பார்த்துக்கொள்வாள். பிரசவம் முடிந்து மூன்று மாதம் கழித்து அழைத்து வந்தால் போதும்." அன்பினால்தான் அப்படிச் சொன்னார்கள். நம் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாய் நடந்துவருகிற காரியமும் அதுவே.

மலைக்கு அனுப்புவதா?

பொன்முடி நகரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம்தான். நெடுமங்காடு, விதுரா வழியாகப் போய்க் கல்லாறு கடந்தால் மலைப்பாதை தொடங்கும். கொண்டை ஊசி வளைவுகள் 22. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரம். உல்லாசப் பயணிகள் மூடுபனியைப் பார்த்து மகிழ்ந்து அன்றே இறங்கிவிடுவார்கள். அந்தப் பனிக்குள் லயங்களில் குடியிருப்பவர்களின் வாழ்க்கையோ வேறு. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அங்கே பெய்யும். மழை கடுத்தால் மண் சரிந்து பாதை அடைபடும். இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், இத்தனை வளைவுகளையும் இறங்கி விதுராவுக்கு வரவேண்டும்.

ஆனாலும் என் மனதை அதிகமாய் உறுத்தியது பாதையல்ல. "அம்மா எங்கே?" என்று கேட்கத் தெரிந்த, ஆனால் "அம்மா மூன்று மாதம் கழித்து வருவாள்" என்பதன் பொருள் தெரியாத வயது அது. இரண்டு வயதுப் பிள்ளைக்கு மாதம் என்றால் என்னவென்று யார் சொல்லிக் கொடுக்க முடியும்?

எங்கள் சபையில் செவிலியாகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைச் சொன்னபோது, தாம் படித்த காலத்தில் அறிந்த ஒரு காரியத்தை விவரித்தார்கள். லண்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன் என்ற தம்பதியர், தாயைப் பிரிந்த சிறு பிள்ளைகளைக் கவனித்துப் படம் பிடித்தார்கள். அவர்கள் 1969இல் வெளியிட்ட ஒரு படம் ஜான் என்ற பதினேழு மாதக் குழந்தையைப் பற்றியது. தாய் இரண்டாவது பிரசவத்துக்காக மருத்துவமனைக்குப் போனபோது, ஜானை ஒன்பது நாட்கள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் விட்டிருந்தார்கள். அங்கே இருந்த பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் வேளைக்கு ஒருவராய் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரையும் பற்றிக்கொள்ளப் பார்த்த பிள்ளை, ஒருவரும் நிலைக்காததால் சோர்ந்து, உணவை மறுத்து, ஒரு பெரிய பொம்மைக் கரடியைக் கட்டிக்கொண்டு கிடந்தான். ஒன்பதாம் நாள் தாய் வந்து கையை நீட்டியபோது அவளிடமிருந்தே திமிறி விலகினான்.

அதே தம்பதியர், தாய் மருத்துவமனையில் இருந்த வேறு சில பிள்ளைகளைத் தங்கள் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். அவர்களில் ஜேன் என்பவளும் பதினேழு மாதக் குழந்தையே. பிரிவதற்கு முன்பே பிள்ளை அந்த வீட்டோடு பழகிக்கொண்டது. வீட்டிலிருந்து அதன் போர்வையும் விளையாட்டுப் பொருட்களும் கூடவே வந்தன. ஜாய்ஸ் அம்மையார் ஒருவரே நாள் முழுவதும் உடனிருந்து, அதன் தாயைப் பற்றி அடிக்கடி பேசினார்கள். அந்தப் பிள்ளைகளும் ஏங்கினார்கள். ஆனால் ஜானைப்போல் உடைந்துபோகவில்லை. "பிள்ளைக்கு வேண்டியது நிலையாய் இருக்கிற ஒரு முகம்" என்று அந்தச் சகோதரி சொன்ன வார்த்தை என் உள்ளத்தில் தங்கிவிட்டது.

சவலைப் பிள்ளை

நம் முன்னோர்களும் இதை அறியாதவர்கள் அல்லர். அடுத்த கரு உண்டாகித் தாய்ப்பால் குறைந்ததினால் மெலிந்துபோகும் பிள்ளையைச் "சவலைப் பிள்ளை" என்று அழைத்தார்கள். ஒரே சொல்லில் ஒரு வீட்டின் துக்கத்தையே அடக்கிவிட்டார்கள். ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில் 1930களில் பணிசெய்த சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், கைகால் வீங்கி முடி வெளுத்துச் சாகும் பிள்ளைகளைக் கண்டார். பால் மறந்தபின் சோளக்கஞ்சியையே உண்டு, புரதச் சத்தில்லாமல் போன பிள்ளைகள் அவர்கள். அந்த நோய்க்கு அவ்வூரார் வைத்திருந்த பெயர் "குவாஷியார்க்கர்". அடுத்த பிள்ளை வந்ததினால் இடம் இழந்த பிள்ளைக்கு வருகிற நோய் என்பது அதன் கருத்து. கடல் கடந்த வேறொரு ஜாதியாரும் நம் பாட்டிமாரைப் போலவே அதைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள்.

என் அம்மாவும் தங்கைக்குக் கருவுற்றிருந்தபோது கொழுந்து பறித்தவர்களே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலைசெய்த தோட்டங்களில் சிறு பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்கும்படி விதித்திருந்தது. அதனால் நான் பகலில் காப்பகத்தில் இருந்தேன். மாலையில் அம்மாவின் முதுகில் இருந்தேன். "கூடையை இறக்கி வைத்துவிட்டு உன்னைத் தூக்குவேன். வயிறு முன்னாலே, நீ பின்னாலே" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வறுமை இருந்தது, ஆனால் இரவில் பிள்ளை தாயின் அருகில் படுத்தது.

இவைகளையெல்லாம் ஜெபத்தில் வைத்தபின், என் கணவரே தம் வாயினால் சொன்னார்: "பிள்ளை மேலே போக வேண்டாம். ஆச்சி கீழே வரட்டும்." சொல்வது எளிது. ஓய்வு பெற்றபின்னும் அம்மா அங்குமிங்கும் நாட்கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மலையை விட்டு இறங்கினால் அந்தக் கூலி போய்விடும். நகரத்தில் எங்கள் ஒற்றை அறையில் நான்கு பேர் படுக்க வேண்டும். கணவர் தம் செலவுகள் சிலவற்றை நிறுத்தி, அம்மாவுக்குச் சேரவேண்டிய தொகையை மாதந்தோறும் அவர்கள் கையிலே கொடுத்தார். "மகள் வீட்டில் கூலியா?" என்று அம்மா மறுத்தார்கள். "கூலியல்ல அத்தை, காணிக்கை" என்று அவர் சொன்னபோது அம்மாவின் கண் கலங்கியது.

அன்னாள் வீட்டில் இருந்தாள்

ஏழாம் மாதத்தில் வேறொரு சோதனை வந்தது. பரிசோதனையில் என் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 9 கிராமுக்கும் கீழே இருந்தது. கர்ப்பிணிகளுக்கு 11க்குக் குறைந்தாலே இரத்தசோகை என்று கணக்கிடுகிறார்கள். இப்படியே பிரசவத்துக்குப் போனால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம் என்று மருத்துவர் எச்சரித்தார். இரும்புச்சத்து மாத்திரையை இருவேளையாக்கி, முக்கியமான ஒரு காரியத்தையும் சொன்னார்: மாத்திரையோடும் உணவோடும் தேநீர் குடிக்கக் கூடாது, ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்பை உடலில் சேரவிடாது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த எனக்குச் சோற்றுக்குப் பின்னாலே கட்டஞ்சாயா இல்லாத நாள் கிடையாது. அம்மா அன்றே சாயாப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முருங்கைக் கீரையும் மத்தி மீனும் நெல்லிக்காயும் வாங்கிவரச் சொன்னார்கள்.

அப்பொழுது சபையில் இருபத்தொரு நாள் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. வழக்கமாய் எல்லாக் கூட்டத்திலும் பங்குபெறும் நான் வராததை ஒருவரிருவர் கவனித்துப் பேசினார்கள். "விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு?" என்ற சொல்லும் காதில் விழுந்தது. பாஸ்டரம்மா வீட்டுக்கே வந்தார்கள். வேதத்தைத் திறந்து, 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை வாசித்தார்கள். வருஷந்தோறும் சீலோவுக்குப் போய்க் கண்ணீரோடு ஜெபித்த அன்னாள், பிள்ளை பால் மறக்கும் நாள்மட்டும் நான் வரமாட்டேன் என்று வீட்டிலே தங்கிவிடுகிறாள். அவள் கணவன் எல்க்கானா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. உனக்கு நலமாய்த் தோன்றுகிறபடி செய் என்ற கருத்தில் அனுமதிக்கிறான். அந்த நாட்களில் பாலூட்டியதே அவளுடைய ஆராதனை. பால் மறந்தபின் பொருத்தனையின்படி பிள்ளையைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தாள். அப்பொழுதும் வருஷத்துக்கு ஒரு சின்ன அங்கியைத் தைத்து எடுத்துக்கொண்டு போனாளே!

இன்னொன்றையும் பாஸ்டரம்மா சொன்னார்கள்: சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்து படுத்த எலியாவை, எழுந்து உபவாசி என்று தூதன் சொல்லவில்லை, அப்பத்தையும் தண்ணீரையும் கொடுத்து, மறுபடியும் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான். "நீ புசிக்கிற கீரையும் அப்படித்தான் மகளே. உனக்காக உபவாசிக்க நாங்கள் இருக்கிறோம்." அடுத்த வாரம் முதல் சகோதரிகள் முறைவைத்து வந்தார்கள். ஒருவர் துணி துவைத்தார்கள். ஒருவர் குடத்தில் தண்ணீர் பிடித்தார்கள். என்னை அதிகமாய் ஆறுதல்படுத்தியது, ஜெபித்து முடித்தபின் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுப் போன ஒரு மூத்த சகோதரியின் ஊழியமே.

குறித்த காலத்தில் கர்த்தர் ஒரு பெண்குழந்தையைத் தந்தார். அதற்குள் இரத்த அளவும் 10ஐத் தாண்டியிருந்தது. நான் மருத்துவமனையில் இருந்த நான்கு நாட்களும் மூத்தவன் தன் பாயிலே, தன் போர்வையிலே, ஆச்சியின் பக்கத்திலே தூங்கினான். தினமும் மாலையில் தகப்பன் தோளில் அமர்ந்து என்னைப் பார்க்க வந்தான். முதல் நாள் தங்கையை உற்றுப் பார்த்து, "இது யார் வீட்டுப் பாப்பா?" என்று கேட்டான். வீட்டுக்கு வந்தபின் எல்லாம் சுகமாய் நடந்தது என்று சொன்னால் அது மெய்யாகாது. விட்டிருந்த பழக்கம் திரும்பி, இரவில் பாயை நனைத்தான். தனக்கும் பால் வேண்டும் என்று அடம்பிடித்தான். ஒரு நாள் தங்கையின் காலைக் கடித்தும் விட்டான். கணவர் அவனை அடிக்கவில்லை. தினமும் அரை மணி நேரம் அவனை மட்டும் அழைத்துக்கொண்டு தெருமுனைவரை நடந்துவிட்டு வருவார். ஏறத்தாழ இரண்டு மாதத்தில், "எங்க பாப்பா" என்று சொல்லத் தொடங்கினான்.

மந்தையின் நடைக்கு ஏற்ப

பிரியமான சகோதரிகளே, எல்லோருக்கும் ஆச்சி கீழே இறங்கி வரமுடியாது என்பதை அறிவேன். பிள்ளையை அனுப்பியே ஆகவேண்டிய வீடுகளும் உண்டு. அப்படியானால் முன்னதாகவே நீங்களும் கூடப் போய், சில நாட்கள் தங்கிப் பழக்குங்கள். கைக்குக் கை மாறாமல் ஒருவரே பார்த்துக்கொள்ளட்டும். பிள்ளையின் போர்வையையும் உங்கள் பழைய சேலை ஒன்றையும் கொடுத்தனுப்புங்கள். தினமும் தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்கச் செய்யுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் நழுவிப் போகாதீர்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போங்கள். பிழைக்க வந்த இடத்திலும் அருகிலுள்ள அங்கன்வாடியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். கேரளத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, குடும்பஸ்ரீப் பெண்கள் தயாரிக்கிற அமிர்தம் சத்துமாவு அங்கே கிடைக்கும். சவலைக்கு அதுவும் ஒரு மருந்தே. புதிதாய் மணம்புரிந்தவர்களே, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையில் இரண்டு வருஷமாவது இருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதைத் தேவ சமுகத்தில் இருவருமாய்ப் பேசித் தீர்மானியுங்கள்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஏசா தன்னோடு வேகமாய் வரும்படி அழைத்தபோது யாக்கோபு என்ன சொன்னான்? பிள்ளைகள் இளைஞர், கறவையான ஆடுமாடுகள் என்னிடத்தில் உண்டு, ஒரே நாள் துரத்தி ஓட்டினாலும் மந்தை மாண்டுபோகும் என்ற கருத்தில் மறுத்துவிட்டான். நானூறு பேரோடு வந்த அண்ணனுக்கு முன்பாக, பிள்ளைகளின் நடைக்கு ஏற்பவே வருவேன் என்று சொல்ல அவன் வெட்கப்படவில்லை. பட்டணம் நம்மை வேகமாய் ஓடச் சொல்லுகிறது. கூடுதல் வேலை நேரமும் கூடுதல் கூட்டங்களும் அழைக்கின்றன. ஒரு வருஷம் மெதுவாய் நடக்கிறவன் பின்தங்கிப் போவதில்லை. ஏசாயா கண்ட மேய்ப்பரும் அப்படித்தான் நடக்கிறார். குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, சினையும் பாலுமான ஆட்டின் நடைக்குத் தம் நடையைத் தளர்த்துகிறார். குட்டி ஒரு கையிலும் தாய் மறுபக்கத்திலுமாக, இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகிறார்.

அன்பின் பரம பிதாவே, வயிற்றில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாய்ப் பாரஞ்சுமக்கிற எங்கள் சகோதரிகளைப் பெலப்படுத்தும். அவர்களுடைய மூத்த பிள்ளைகள் ஒருவரும் சவலையாய்ப் போகாதபடி காத்தருளும். கணவருக்குப் பொறுமையையும், சபைக்கு உதவும் கைகளையும் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.