வளையல் ஏறாத கை

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துவிட்டு என்னிடம் பிசியோதெரபிக்கு வரும் பெண்களில், கை வீங்கியிருக்கிறது என்று நேராகச் சொல்பவர்கள் குறைவு. "வளையல் ஏற மாட்டேங்குது", "ஜாக்கெட் கை பிடிக்குது" என்பார்கள். சிலர், யானைக்கால் நோய்தான் கைக்கும் வந்துவிட்டதோ என்ற பயத்தோடு வருவார்கள். அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு, கதிர்வீச்சும் சேர்ந்துகொண்டால், கையிலிருந்து நிணநீர் வடியும் வழி குறுகிவிடுகிறது. கணுக்களை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. சிலருக்கு ஆண்டுகள் பல கழிந்தும் வரும். உயிர் பிழைத்ததே பெரிது, இதைப் பொறுத்துக்கொள் என்று வீட்டிலும் வெளியிலும் சொல்கிறார்கள். தன் சடையைத் தானே பின்ன முடியாதவளிடம், பேரனைத் தூக்கப் பயப்படுகிறவளிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.

நிணநீர் வடிவதற்காக மெல்ல நீவிவிடும்போது, வீங்கிய கையை நான் முதலில் தொடுவதில்லை. கழுத்தில் தொடங்கி, நல்ல பக்கத்து அக்குளுக்கும் மார்புக்கும் போன பிறகுதான் கைக்கு வருவேன். கடைமடையில் அடைப்பை எடுக்காமல் மதகைத் திறந்து என்ன பயன்? டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1930களில் வகுத்த முறை இது. நிணநீரின் நுண்குழாய்கள் தோலின் மேலடுக்குக்குச் சற்றுக் கீழேயே இருப்பதால், தோல் மெல்ல நகர்ந்தாலே போதும். "நல்லா அழுத்தித் தேய்ச்சு விடுங்கம்மா" என்று கேட்பார்கள்; எண்ணெய் போட்டு உருவிப் பழகிய உடம்பு அப்படித்தான் கேட்கும். விரல்களுக்கு அந்த லேசான தொடுகை படிவதற்குள் இந்தத் தொழிலில் பலர் சலித்துப்போகிறார்கள்.

ஆனாலும் வீக்கம் வடிவதில் பெரும்பங்கு கட்டுக்குத்தான். அதிகம் இழுபடாத துணிப்பட்டை, அடியில் பஞ்சு, விரல் பக்கம் அழுத்தம் கூடுதலாகவும் தோள் பக்கம் போகப்போகக் குறைவாகவும். இந்தக் கட்டு, கை சும்மா கிடக்கும்போது பெரிதாக ஒன்றும் செய்யாது. தசை அசையும்போது இளகாமல் எதிர்த்து நிற்கிறது பாருங்கள், அப்போதுதான் நீர் மேலே ஏறுகிறது. அதனால் நான் சுற்றும் கட்டு வேலை செய்யும் கைக்கான கட்டு. பூக் கட்டிப் பிழைக்கிறவருக்கு ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக மெல்லிய பட்டையால் சுற்றி, நுனிகளை விட்டுவிடுவேன். நார் முடிச்சு விழ வேண்டுமே. நம் வெயிலில் கட்டுக்குள் வேர்த்து அரிக்கும். தினம் தோலைக் கழுவி, ஈரம் ஒற்றி, விரலிடுக்கைப் பார்க்கச் சொல்வதும் சிகிச்சைதான். ஒரு சிறு வெடிப்பு வழியாகக் கிருமி நுழைந்தால் கை சிவந்து காய்ச்சல் வந்துவிடும்.

"அந்தக் கையில ஒரு குடம் கூடத் தூக்கக் கூடாதுன்னுட்டாங்க." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் கைவீக்கம் உள்ள 141 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. அழுத்த உறை அணிந்து, மேற்பார்வையில், சிறிது சிறிதாக எடை கூட்டித் தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. பலம் கூடியது, தொந்தரவுகள் குறைந்தன. ஆகவே நான் அரைச் செம்புத் தண்ணீரில் தொடங்கி வைக்கிறேன். கை கனத்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளலாம், மறுநாள் மறுபடி தூக்கலாம். குடத்தை அவரிடமிருந்து ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டால் கையும் மெலிகிறது, வீட்டில் அவருக்கிருந்த இடமும் மெலிகிறது.

வளையல் விஷயத்தில் மட்டும் அவசரப்படக் கூடாது. இறுகிப்போன வளையலைக் கழற்றத்தான் வேண்டும். சுமங்கலிப் பெண்ணிடம் அதைச் சொல்லுமுன் கணவரையோ மாமியாரையோ கூட அழைத்து உட்காரவைத்துப் பேசுவேன். மற்றக் கையில் நிறையப் போட்டுக்கொள்ளட்டும்.

அறுவை செய்யும் மருத்துவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் அளவு நாடாவால் அளந்து நோயாளியின் சீட்டில் எழுதிவிடுங்கள். பிறகு மாதந்தோறும் வரும்போது மறுபடி அளந்து ஒப்பிடுங்கள். வீக்கம் கண்ணுக்குத் தெரியுமுன்னே பிடித்துவிட்டால், ஓர் அழுத்த உறையோடு பலருக்கு அது அடங்கிவிடும்.