வாசல் வரை போகும் சேலை

சேலைக் கடையில் அரை மணி நேரம் புரட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்த அம்மா, பில் போடச் சொல்வதற்கு முன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடப்பார். "வெளி வெளிச்சத்துல ஒரு தடவை பாத்துடறேன்" என்பார். விற்பனைப் பெண் பின்னாலேயே ஓடுவாள். முதலாளிகள் இதை வழக்கம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். கடைகளின் கூரைக்கு விளக்கு அமைத்தே தலை நரைத்த என்னால் அப்படி விட முடிவதில்லை. அந்த அம்மா எங்கள் வெளிச்சத்தை நம்பவில்லை. நம்பாமல் இருக்க நியாயமும் உண்டு.

இன்று கடைகளில் எரிவது எல்லாம் எல்.இ.டி. நீல ஒளி தரும் ஒரு சின்னச் சில்லு, அதன்மேல் மஞ்சள் நிறப் பூச்சு. இரண்டும் கலந்துதான் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல ஒளியைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. தகுதியான பரிசு. கரண்ட் பில் இறங்கியது, ஏ.சி.யின் பாரம் குறைந்தது. ஆனால் மலிவான விளக்கில் சிவப்புக்குப் பஞ்சம். வெள்ளைச் சுவரைப் பார்த்தால் அது தெரியாது. ஓர் அரக்குச் சேலையை விரித்தால் உடனே தெரியும்: அரக்கு பழுப்பில் போய் நிற்கும், குங்குமச் சிவப்பு சோர்ந்துவிடும்.

பெட்டியில் சி.ஆர்.ஐ. 80 என்று போட்டிருக்கும். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது, 100 உச்சம். 80 நல்ல மதிப்பெண்தானே என்று தோன்றும். ஆனால் அது எட்டு வெளிறிய நிறங்களை வைத்து எடுத்த சராசரி. அடர்சிவப்பு ஒன்பதாவது, ஆர் 9 என்பார்கள். அது சராசரியில் சேராது. 80 வாங்கிய விளக்கின் ஆர் 9 பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கலாம். காஞ்சிப் பட்டு அடுக்கிய கடையில், சரக்கில் பெரும்பகுதி சிவப்பும் அரக்குமாக இருக்கும்போது, இந்த விளக்கைப் போடுவது முதலாளிக்கும் நெசவாளிக்கும் செய்கிற அநியாயம். துணிக்கடைக்கு 90க்குக் குறையாமல், ஆர் 9 ஐம்பதுக்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான் செய்யும். முதலாளியிடம் வாதாடுங்கள், இந்த ஒரு செலவுக்காக வாதாடாதவன் வேறு எதற்கு வாதாடப் போகிறான்?

மேட்சிங் கடையில் இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். மயில் கழுத்து நிறச் சேலையின் முந்தானையை மேசையில் வைத்து, அதன்மேல் டூ பை டூ ரூபியா துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று அச்சாகப் பொருந்தும். ரவிக்கை தைத்து, கல்யாண மண்டபத்தில் போய் நின்றால் சேலை பச்சையாகவும் ரவிக்கை நீலமாகவும் பிரிந்து நிற்கும். பட்டில் ஏறிய சாயம் ஒன்று, ரூபியாவில் ஏறிய சாயம் வேறு. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகிற இரண்டு சாயங்கள் இன்னொரு வெளிச்சத்தில் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. கடைக்காரர் நாணயமானவர்தான், அவர் சொல்லாத பொய்யை விளக்கு சொல்லிவிட்டது. கெட்ட பேர் அவருக்குத்தான். அப்படிப்பட்ட மேசைக்கு மேல் இரண்டு விளக்கு வைத்து, தனித்தனி சுவிட்ச் கொடுக்கச் சொல்வேன்: ஒன்று 3000 கெல்வின், மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்துக்கு, இன்னொன்று 6500, பகல் வெளிச்சத்துக்கு. இரண்டிலும் பொருந்தியதை வெட்டிக் கொடுக்கலாம்.

விளக்கு எது என்பதைவிட எங்கே என்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். ஃபால்ஸ் சீலிங் வரைபடத்தில் பேனல் விளக்குகளை வரிசை பிசகாமல் அடுக்கினால் படம் அழகாக இருக்கிறது. கடை திறந்த பிறகு பார்த்தால் பளிச்சென்று இருப்பது தரை. அலமாரியின் கீழ்த்தட்டுகள் நிழலில். தரையை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. அலமாரிக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளி, விளக்கைச் சாய்த்து, துணியின் முகத்தில் விழ வையுங்கள். கூரைக்கும் மேசைக்கும் 2 மீட்டர் இருந்தால், 24 டிகிரி ஸ்பாட் விளக்கின் வட்டம் சுமார் 85 சென்டிமீட்டர். 36 டிகிரி என்றால் 1.3 மீட்டர். விரித்த சேலைக்கு எது வேண்டும் என்று இதிலேயே தெரிந்துவிடும். கூரை இரண்டு மடங்கு உயரத்துக்குப் போனால் அதே விளக்கின் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும். மாடி கட்டி உயர்த்திய கடைகளில் இதை மறக்கிறார்கள்.

வாடிக்கையாளரின் முதுகுக்குப் பின்னால் விளக்கு இருந்தால் அவர் தலை நிழல்தான் சேலைமேல் விழும். கண்ணாடிக்கு நேர் மேலே ஒற்றை ஸ்பாட் வைத்தால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த முகம் தெரியும். எத்தனை நல்ல சேலையும் அந்த முகத்துக்குப் பிடிக்காது. கண்ணாடியின் இரு பக்கமிருந்தும் மெல்லிய வெளிச்சம் முகத்துக்கு வரவேண்டும்.

நகைக்கடைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தங்கத்துக்கு 3000 கெல்வின், வைரத்துக்கு 4000க்கு மேல். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்துவிட்டு என்னைக் கேட்காதீர்கள்.

ஷோகேஸ் பொம்மைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அருங்காட்சியகங்களில் பட்டை 50 லக்ஸ் வெளிச்சத்துக்குமேல் வைக்கத் தயங்குவார்கள். வெளிச்சமே சாயத்தைத் தின்னும். கடையில் பொதுவாக 300 லக்ஸ் தேவை, பொம்மைக்கு அதைப்போலப் பல மடங்கு கொடுக்கிறோம். ஒரே சேலையை மாதக்கணக்கில் அங்கே நிறுத்தினால் மடிப்பு ஓரம் வெளுத்துவிடும். வாராவாரம் மாற்றச் சொல்லுங்கள்.

முகூர்த்தப் பட்டை முடிவு செய்வது பெரும்பாலும் பாட்டியோ பெரியம்மாவோதான். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்பது கணக்கு. பாவை சுருங்குகிறது, கண்வில்லை மஞ்சளாகிறது. விலைச் சீட்டைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிற இந்த வயதில் எனக்கு அந்தக் கணக்கு மனப்பாடம். அதற்காகக் கூரை முழுக்க வெளிச்சத்தைக் கொட்டினால் அதே கண் கூசும். வயதான கண்ணுக்குக் கூச்சமும் அதிகம். பார்க்கும் பொருளில் வெளிச்சம், பார்ப்பவர் கண்ணில் வெளிச்சம் படாத குழிவான விளக்கு, இரண்டும் சேர்ந்து வேண்டும்.

வாடிக்கையாளர் ஒரு மணி நேரத்தில் போய்விடுவார். விற்பனைப் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை அங்கேயேதான். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டம் திருத்தினார்கள். அந்த இருக்கையில் உட்கார்ந்தால் நெற்றிக்கு நேராக ஸ்பாட் குத்துகிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். விளக்கைத் திருகி முடிக்கும் முன் ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். "தலை வலிக்குதாம்மா?" என்று அந்தப் பெண்களையே கேளுங்கள். லக்ஸ் மீட்டர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

வேலை முடிந்த கையோடு அதே ரக விளக்கில் அரை டஜனைக் கடையில் இருப்பு வையுங்கள். கெல்வின், சி.ஆர்.ஐ., ஆர் 9, டிகிரி நான்கையும் ஒரு தாளில் எழுதி மெயின் போர்டு கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அடுத்த வருடம் ஒரு விளக்கு போகும்போது, பக்கத்துக் கடையில் கிடைத்ததை வாங்கி மாட்டப் போகிற பையனின் கண்ணில் அது படட்டும்.