வாட் கணக்கில்லாத குளிர்காலம்

ஜனவரி 6, செவ்வாய். ஒஸ்லோ

காலை மைனஸ் 11. வேலைக்குப் போகமுன் இருட்டோடு மாரிடாலன் வீதியில் ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். கோடையில் இதற்கு 45 நிமிடம் போதும். இன்று 70 ஆனது. நகரப் பகுதியில் உப்புப் போட்டு, தூரிகை வண்டி ஓடிய கறுப்புத் தார். அதற்கப்பால் இறுகிய பனி, அதன்மேல் இரவு விழுந்த தூள்பனி. ஆணி ரயர் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் முன்சில்லு சீனிக்குள் போவதுபோல் புதைந்து புதைந்துதான் நகர்கிறது.

மத்தியானம் மருமகன் போன் எடுத்தான். "மாமா, இண்டைக்கு எத்தினை கிலோமீற்றர்?" அவனுடைய சைக்கிளில், மிதிக்கும் வலுவை வாட்டில் அளக்கும் பவர் மீற்றர் இருக்கிறது. என்னிடம் இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. ஆனால் குளிர்காலத்தில் கிலோமீற்றரை மட்டும் எழுதிவைத்தால் உடல் சுமந்ததில் பாதி கணக்கில் வராது. பாதை ஒரு பக்கம் இழுக்கிறது, காற்றும் சும்மா விடுவதில்லை: மைனஸ் 10இல் வளி, 20 பாகை வெப்பத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 11 சதவீதம் அடர்த்தி கூடியது. அதே வேகத்துக்கு அவ்வளவு கூடுதலாகக் காற்றைத் தள்ளவேண்டும். ஆகவே இந்தப் பருவம் முழுக்க நான் எழுதப்போவது நேரத்தையும் கடுமையையும்தான். ஓகஸ்ட்டில் ரேனாவிலிருந்து லில்லெஹாமருக்கு, முதுகில் 3.5 கிலோ பையோடு பிர்கெபைனர் சைக்கிள் ஓட்டம் இருக்கிறது. அதற்கான அத்திவாரம் இந்தப் பனியில்தான் விழவேண்டும்.

ஜனவரி 7, புதன்

60 நிமிடம், கடுமை 3. சுமை 180.

முறை கார்ல் பொஸ்டருடையது, அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் பணியாற்றிய ஆய்வாளர். ஓட்டம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, முழு ஓட்டமும் எவ்வளவு கடுமையாக இருந்தது என்று 0 முதல் 10க்குள் ஓர் எண் சொல்லவேண்டும். அதை நிமிடங்களால் பெருக்கினால் சுமை. அவ்வளவுதான். அந்த அரை மணித்தியாலம் முக்கியம். இறங்கிய கையோடு எண் போட்டால் கடைசி ஏற்றம் மட்டுமே மனதில் நிற்கும். நான் சப்பாத்தின் பனியைத் தட்டி, சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விட்டு, தேத்தண்ணி குடித்த பிறகுதான் எழுதுகிறேன்.

ஜனவரி 10, சனி

இதயத்துடிப்பை எண்ணும் நெஞ்சுப் பட்டி முதல் பத்து நிமிடமும் 190, 204 என்று காட்டியது. இறக்கத்தில் கால் சும்மா இருக்கும்போது 204 வராது. குளிரில் தோல் காய்ந்திருப்பதால் மின்வாய்கள் சரியாகத் தொடுவதில்லை, பொலியெஸ்டர் மேற்சட்டை உரசி நிலைமின்னையும் கிளப்புகிறது. வியர்வை ஊறியதும் தானாக அடங்கியது. நாளை முதல் கட்டுமுன்பே இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைக்கவேண்டும். மணிக்கட்டில் கட்டும் மணிக்கூடு இந்தக் காலத்துக்குச் சரிவராது. அதன் பச்சை ஒளி தோலுக்குக் கீழுள்ள இரத்த ஓட்டத்தைப் பார்த்து எண்ணுகிறது, குளிரில் அந்த ஓட்டமே வற்றிவிடும்.

இந்தப் பட்டியே பனிநாட்டில் பிறந்ததுதான் என்பது எனக்குப் பிடித்த செய்தி. பின்லாந்தின் ஊலுவில் பேராசிரியர் செப்போ சாய்னயாகங்கஸ் 1977இல் போலார் நிறுவனத்தைத் தொடங்கினார். ஓட்டத்திலேயே துடிப்பை அளக்கும் யோசனை அவருக்கு வந்தது பனிச்சறுக்குத் தடத்தில். கம்பியில்லாத இதயமானி 1982இல் விற்பனைக்கு வந்தது.

துடிப்பை வைத்துச் சுமையைக் கணிக்கும் பழைய வழி ஆய்வாளர் எரிக் பனிஸ்டருடையது. ஓய்வுத் துடிப்புக்கும் உச்சத் துடிப்புக்கும் இடையில் எங்கே நின்றோம் என்று பார்த்து, மேலே போகப்போக மிகுந்த எடை கொடுப்பது. எனக்கு ஓய்வில் 52, உச்சம் 176. ஒரு மணித்தியாலம் சராசரி 138இல் ஓடினால் அவருடைய சூத்திரம் 101 தருகிறது. குளிரில் தோலின் நாளங்கள் சுருங்கி இரத்தம் நடுவுடலுக்குத் திரும்பும், ஒவ்வொரு துடிப்பும் கூடுதலாக இறைக்கும், அதனால் அதே உழைப்புக்குத் துடிப்பு குறையலாம். 138க்குப் பதில் 132 என்று வைத்துப் பார்த்தேன்: 85.5. ஆறு துடிப்புக்கு இவ்வளவு சரிவு! ஆகவே ஜனவரியின் துடிப்புக் கணக்கை ஜூலையினதோடு ஒப்பிடமாட்டேன், ஜனவரியை ஜனவரியோடுதான்.

ஜனவரி 15, வியாழன்

தைப்பொங்கல். அக்கா வீட்டில் எல்லோரும் கூடினோம். சைக்கிள் எடுக்கவில்லை. சுமை 0. பூச்சியத்தையும் கட்டாயம் எழுதவேண்டும், வெறுமையாக விட்டால் வாரக் கணக்கு பிசகும்.

ஜனவரி 18, ஞாயிறு

கிரெஃப்சன்கொல்லன் ஏற்றம். பவர் மீற்றர் இல்லாதவனுக்கு மலைதான் தராசு. சரிவு கூடக்கூட வேகம் குறையும், காற்றின் பங்கு சுருங்கும், உழைப்பில் பெரும்பகுதி புவியீர்ப்புக்கு எதிராகவே போகும். நானும் சைக்கிளும் குளிர் உடுப்பும் சேர்ந்து 84 கிலோ. 100 மீற்றர் உயரத்தை 7 நிமிடத்தில் ஏறினால் 84 × 9.8 × 100, அதை 420 விநாடியால் வகுக்க 196 வாட். ஆணி ரயரின் இழுவையும் காற்றும் இதற்கு மேல். ஆகவே இது கீழ் எல்லை, ஆனால் நம்பத்தக்க எல்லை.

உயரத்தை நிலப்படத்திலிருந்து எடுக்கிறேன். சைக்கிள் கணினி வளியமுக்கத்தைப் பார்த்து உயரம் சொல்கிறது, வானிலை மாறினால் நின்ற இடத்திலேயே உயரும், இறங்கும். மாதம் ஒருமுறை, பாதை துப்புரவாக இருக்கும் நாளில், இந்த ஏற்றத்தில் குறித்துவைத்த இரண்டு மின்கம்பங்களுக்கு இடையில் ஏறி நேரத்தைக் குறிக்கப்போகிறேன்.

ஜனவரி 21, புதன்

உறைமழை. வீதி முழுக்கக் கண்ணாடி. வீட்டுக்குள் ரோலர், 50 நிமிடம், கடுமை 5, சுமை 250. மின்விசிறி இல்லாமல் ஓடினால் அதே மிதிக்குத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும், அந்த எண்ணைச் சேர்ப்பதில் பொருளில்லை. விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். இதில் பின்சில்லின் வேகமே உழைப்பைச் சொல்லும், ஆனால் ரயர் காற்றும் உருளையின் அழுத்தமும் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்கவேண்டும்.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று நெடுநேரம் கொப்பியோடு இருந்தேன். எனக்குப் பொஸ்டர் முறையின் உயிர் வாரக் கணக்கில்தான் இருக்கிறது. பொஸ்டர் வாரத்தின் மொத்தத்தோடு நிறுத்தவில்லை. ஏழு நாள் சராசரியை அந்த ஏழு நாளின் நியம விலகலால் வகுத்தார். வருவது ஒருசீர்மை. அதை வார மொத்தத்தால் பெருக்கினால் உடலுக்கு ஏறும் நெருக்கடி.

வேலைக்குச் சைக்கிளில் போகிறவனின் வாரம் ஒன்றை எழுதிப் பார்த்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 180, சனி 0, ஞாயிறு 360. மொத்தம் 1,260, ஒருசீர்மை 1.87, நெருக்கடி 2,357. அதே மொத்தத்தை வேறுமாதிரிப் பிரித்தேன்: 60, 360, 60, 300, 60, 0, 420. ஒருசீர்மை 1.12, நெருக்கடி 1,414. உழைப்பு ஒன்றுதான். உடலுக்கு மூச்சுவிட இடம் எங்கே இருக்கிறது என்பதுதான் வேறு.

பனி பறிப்பதும் இந்த இடத்தைத்தான். லேசாகப் போகவேண்டிய நாளைப் பாதை லேசாக விடுவதில்லை, எல்லா நாளும் நடுத்தரக் கடுமையாகிவிடுகிறது. கிறிஸ்தியான்சாண்டில் அக்டர் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் சைலர் தாங்குதிறன் வீரர்களைப் பல காலம் ஆராய்ந்து சொன்னதும், அவர்களின் பயிற்சியில் பெரும்பகுதி மெய்யாகவே லேசானது என்பதுதான். கடுமையான நாள் கடுமையாக இருப்பதற்கு அந்த லேசான நாட்கள் வேண்டும். லேசான நாள் மெய்யாகவே லேசாக இருந்ததா என்பதைக் கிலோமீற்றரோ சராசரி வேகமோ காட்டித் தராது. லேசான நாளில் 4 என்று எழுத வேண்டிவந்தால் மறுநாள் சைக்கிளை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஜனவரி 31, சனி

மருமகனோடு மாரிடாலன். புறப்படமுன் சைக்கிளைப் பதினைந்து நிமிடம் வெளியில் நிறுத்திவைத்து, பிறகுதான் பவர் மீற்றரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தான். வீட்டுச் சூட்டிலிருந்து நேரே குளிருக்குள் போனால் உலோகம் சுருங்கி வாசிப்பு நகர்ந்துவிடுமாம்.

90 நிமிடம். திரும்பும் வழியில் சக்கரத்தடங்கள் உறைந்து வரம்புகளாகிக் கிடந்தன. தோளும் பிடரியும் விறைக்க, மெதுவாக, ஒவ்வொரு வரம்பாகத் தேடிப் பிடித்து வந்தோம். அவனுடைய திரையில் வாட் கணக்கு லேசான நாள் என்றது. தேத்தண்ணிக்குப் பிறகு ஒருவர் மற்றவரைப் பார்க்காமல் எழுதினோம். அவன் 6, நான் 6. சுமை 540.

"கால் செய்த வேலையை மட்டும்தான் இது எண்ணுது, மாமா," என்றான். கொப்பியின் பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டான்.

அடுத்த வாரம் மொத்தம் 1,300ஐத் தாண்டவேண்டாம். செவ்வாய் கடுமையாக, வியாழன் ரோலர், ஞாயிறு நீளம். நாளையும் திங்களும் மெற்றோவில் போகிறேன்.