எங்கள் மேசையில் நாலு பேர்

நாங்கள் நாலு பேர். ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை. லைனில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடுக்குகிறோம். விடியப்புறம் மூன்று மணிக்கு ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிறோம். ஓ.எல். தாண்டியவர் எங்களில் ஒருவரும் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படித்தவர்கள் எழுதட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் காலம்தான் போனது.

விசயம் சீனி வருத்தம்.

2022 ஆம் ஆண்டு கந்தசஷ்டி நேரம். எங்களில் மூத்தவரான அக்கா ஆறு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு விரதம். ஒரு நாள் இரவு ஒன்றரை மணியளவில் அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. முகமெல்லாம் வியர்வை. பெட்டியைத் தலைகீழாக மூடுகிறார். என்னக்கா என்று கேட்டால் வாய் குழறுகிறது. மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, குடித்துவிட்டா வந்தவர் என்று கேட்டார். விபூதியோடு வேலைக்கு வந்த மனுசியைப் பார்த்து!

அப்போது எங்கள் அண்ணை ஒன்றும் பேசாமல் பொக்கற்றுக்குள் கையை விட்டு, நாலு குளுக்கோஸ் குளிசைகளை எடுத்து அக்காவுக்குச் சப்பக் கொடுத்தார். கால் மணித்தியாலத்தில் அக்கா தெளிந்தார். தெளிந்தவுடன் கேட்ட முதல் கேள்வி:

"தம்பி, இது ஏன் உம்மட்டை இருந்தது?"

அண்ணை நிலத்தைப் பார்த்தார். அவருக்குச் சீனி வந்து நாலு வருசமாம். அக்காவுக்கு ஏழு. இதை எழுதுபவருக்கு அப்போது ஒரு வருசம், வயது முப்பத்துநாலு. நாலாவது ஆள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தது. மூன்று வருசமாகக் கறியை மாற்றி மாற்றிப் போட்டுச் சாப்பிட்டவர்கள் நாங்கள். குளிசையை மட்டும் கழிவறைக்குள் போய்ப் போட்டிருக்கிறோம்.

ஏன் ஒளித்தோம் என்று பிறகு கதைத்தோம். அக்காவுக்கு மகளின் கலியாணம். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்ற பயம். அண்ணைக்கு ஏஜென்சிப் பயம். வருத்தக்காரன் என்று தெரிந்தால் நாளைக்குக் கூப்பிட மாட்டார்கள். இதை எழுதுபவருக்கு வெறும் வெட்கம். "இந்த வயசிலையோ? வாயைக் கட்டத் தெரியாதோ?" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் வேறொருவரை நாலு பேர் கேட்டதைக் காதால் கேட்டிருந்தோம். அதற்குப் பிறகு மண்டபத்தில் கேசரி வந்தால் மற்றவர்களைவிடக் கூடவே போட்டுச் சாப்பிட்டோம். சாப்பிடாவிட்டால் பிடிபட்டுவிடுவோமே! மெற்போமின் தொடக்கத்தில் வயிற்றைக் குழப்பியபோது, டொக்டரிடம் சொல்லாமல் இரண்டு மாதம் அதையும் நிற்பாட்டினோம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ-வன்-சி சோதனையில் 9.4 வந்தது. டொக்டர் கேட்டபோது ஒழுங்காகப் போடுகிறோம் என்று பொய் சொன்னோம். அவர் மருந்தின் அளவைக் கூட்டினார். பொய்யின் பலன் அது.

அக்காவுக்கு நடந்ததன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. அவர் எடுப்பது கிளிக்லசைட். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது உடம்பிலிருந்து இன்சுலினைச் சுரக்க வைக்கும். வெறும் வயிற்றில் போட்டால் சீனி விழும். மெற்போமின் தனியே அப்படி விழுத்துவது அரிது. விரதம் பிடிப்பதை அக்கா டொக்டரிடம் சொல்லியிருந்தால் முதலே வழி சொல்லியிருப்பார். சொன்னால் பேசுவார் என்று சொல்லவில்லை.

அந்த மாதமே மூவருமாக நீரிழிவுக் கல்வி நிலையம் ஒன்றுக்குப் போனோம். ஒன்ராறியோவில் இவை இலவசம். பலவற்றுக்கு டொக்டரின் கடிதம் இல்லாமலும் போகலாம். தாதி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி என்ன சாப்பிடுகிறீர்கள் என்பதல்ல, எத்தனை மணிக்கு நித்திரை கொள்கிறீர்கள் என்பது. இரவு வேலை செய்பவர்களுக்கு இந்த வருத்தம் வரும் வாய்ப்புக் கூடவாம். தெற்காசியர்களுக்கு மற்றவர்களைவிட இளவயதில், உடம்பு பெருக்காமலே வருமாம். வாயைக் கட்டாததுதான் ஒரே காரணம் என்று இவ்வளவு நாளும் எங்களை நாங்களே திட்டியிருக்கிறோம். அன்று பஸ்ஸில் திரும்பும்போது அண்ணை யன்னல் பக்கம் திரும்பி அழுதார்.

சாப்பாட்டு ஆலோசகருக்குப் புட்டு என்றால் என்னவென்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. அடுத்த முறை அக்கா புட்டையே கொண்டுபோய்விட்டார்! ஒரு கோப்பைச் சோற்றின் மாச்சத்து மூன்று துண்டுப் பாணுக்குச் சமன் என்று அங்கேதான் அறிந்தோம். கோப்பில் அரைவாசி மரக்கறி, கால்வாசி சோறோ புட்டோ, மீதிக் கால்வாசி மீனோ பருப்போ. சோற்றை விடச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை.

அண்ணையின் ஏஜென்சிப் பயத்துக்கும் ஒரு பதில் கிடைத்தது. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தில் நீரிழிவு என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நீரிழிவுக்காக ஒருவரை வேலையால் நிற்பாட்டக் கூடாது. சாப்பிட, சீனி பார்க்க இடைவேளை கேட்டால், தாங்க முடியாத கஷ்டம் இல்லாவிட்டால் கொடுக்கவேண்டும். டொக்டரின் கடிதத்தோடு அண்ணை மேற்பார்வையாளரிடம் போனார். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். முகத்தைச் சுழித்துக்கொண்டுதான் கொடுத்தார். என்றாலும் கொடுத்தார்.

ஊசிக்கு இன்னும் பயம்தான். ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று ஊரில் சொல்வார்கள். அகதி வழக்குக்காக நாங்கள் நடுங்கிக்கொண்டு போன இதே ரொறன்ரோவில்தான் 1921 இல் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். 1922 ஜனவரியில் இங்குள்ள ஆஸ்பத்திரியில் பதினாலு வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலில் ஏற்றினார்கள். சாகக் கிடந்த பிள்ளை எழும்பியது. அக்காவுக்கு ஊசி தொடங்கவேண்டி வரலாம் என்று போன மாதம் சொல்லியிருக்கிறார்கள். அவர் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. முதல் நாள் கூட வருவோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

இதை எழுதுபவரின் ஏ-வன்-சி இப்போது 7.2. பெரும்பாலானோர் ஏழுக்குள் வைத்திருக்க வேண்டுமாம். வரும், வராமலும் விடும்.

போன சனிக்கிழமை ஒரு சாமத்திய வீடு. கேசரி வந்தது, ஒரு கரண்டி மட்டும் போட்டோம். பக்கத்தில் இருந்த அன்ரி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் பிள்ளையள், சீனியோ?"

"ஓம் அன்ரி, எங்களுக்குச் சீனி."

சுற்றிவரக் கேட்கத்தான் சொன்னோம். அன்ரி கதிரையைக் கிட்ட இழுத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"உங்களுக்கு எவ்வளவு நிக்குது? எனக்குப் பதினொண்டு பிள்ளை. வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை."