ஊருக்குச் சொன்னோம், பிள்ளைக்குச் சொன்னோமா?

எமது தங்கையின் மகனுக்கு வயது 14. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் விளக்கேற்றியதும் தேவாரம் பாடுவது அவ்வீட்டில் அவனுக்குரிய கடமை. அண்மையில் நாம் அங்கு சென்றிருந்தபோது அவன் பாட மறுத்துவிட்டான். "அண்ணை, தொண்டை கட்டிப்போச்செண்டு கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன், ஒரு மாதமாச் சுகமில்லை" என்று தங்கை முறையிட்டாள். சிறிது நேரத்தின் பின் அவன் எம்மைத் தனியே அழைத்து, "மாமா, எனக்கு ஏதும் பெரிய வருத்தமோ?" என்று கேட்டான். அக்குரல் ஒரு சொல்லிலே கனத்தும் மறுசொல்லிலே கீச்சிட்டும் ஒலித்தது. அதிலிருந்த அச்சத்தை நாம் நன்கறிவோம். அவ்வயதில் எமக்கும் அது இருந்தது, கேட்பதற்குத்தான் துணிவிருக்கவில்லை.

"ஒன்றுமில்லை, போ" என்று அனுப்பிவிட மனம் வரவில்லை. திண்ணையில் அவனை இருத்தி, ஒரு சேவற் கதையைச் சொன்னோம்.

1849ஆம் ஆண்டிலே, செர்மனியின் கெற்றிங்கன் நகரத்தில், பேர்தோல்டு என்னும் அறிஞர் ஆறு சேவற்குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். இரண்டின் விதைகளை முற்றாக நீக்கினார். அவை கொண்டை சிறுத்து, கூவாமலும் சண்டையிடாமலும் வளர்ந்தன. மற்றை நான்கிற்கும் நீக்கிய விதையொன்றை வயிற்றினுள்ளே பதித்து வைத்தார். அவை ஏனைய சேவல்களைப் போலவே கொண்டை சிவந்து கூவின. பழைய நரம்புத் தொடர்பு அறுந்த பின்னும் சேவல் கூவுமாயின், விதையிலிருந்து ஏதோவொன்று குருதியிற் கலந்து உடலெங்கும் செல்லுதல் வேண்டும் அன்றோ? இத்தகைய பொருள்களுக்கு 1905இல் ஸ்டார்லிங் என்பார் இலண்டனில் 'ஓமோன்' என்று பெயர் சூட்டினார். சேவலைக் கூவச் செய்த தெஸ்தொஸ்தரோன் என்னும் ஓமோன் 1935இல் காளையின் விதைகளிலிருந்து தூய நிலையிற் பிரித்தெடுக்கப்பட்டது.

இனப்பெருக்கச் சுரப்பிகள் தாமாக விழித்தெழுவன அல்ல. மூளையின் அடியிலுள்ள ஐப்போதலமஸ் என்னும் பகுதி, குழந்தைப் பருவத்தில் அடங்கியிருந்து, பெண்பிள்ளைகளில் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள்ளும் மீண்டும் கட்டளையிடத் தொடங்குகின்றது. அக்கட்டளையை ஏற்கும் கபச்சுரப்பி, பட்டாணியளவே ஆயினும், தன் ஓமோன்களைக் குருதியில் விடுகின்றது. அவை ஆணின் விதைகளையும் பெண்ணின் சூலகங்களையும் தூண்டுகின்றன. விதைகள் தெஸ்தொஸ்தரோனைச் சுரக்க, குரல்வளை பெருக்கின்றது. குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. வீணையிலே தடித்த தந்தி தாழ்ந்த சுரத்தை எழுப்புவது போலவே குரலும் தாழ்கின்றது.

"அப்ப, கட்டளை நிக்காமல் வந்துகொண்டே இருக்குமோ?" என்றான் பையன். எம் தந்தையார் காலத்துத் துலா இறைப்பை அவனுக்கு நினைவூட்டினோம். பாத்தி நிறைந்ததும், தண்ணீர் கட்டுபவர் "போதும்" என்று கூவுவார். கிணற்றடியில் நிற்போர் நிறுத்துவர். அதுபோல, குருதியில் ஓமோன் மிகுந்ததும் அச்செய்தி மூளைக்கு எட்டி, கட்டளை தணிகின்றது. பெண்ணுடலில் மாத்திரம் மாதத்திற்கொருமுறை ஓர் அதிசயம் நிகழும். சூலகத்தின் ஈஸ்திரசன் உயர்ந்து சில நாள் நிலைத்தால், "போதும்" என்பதற்குப் பதிலாக "இன்னும்" என்ற செய்தி செல்லும். அப்பொழுது கபச்சுரப்பி பெருக்கெடுத்துச் சுரக்க, முட்டையொன்று வெளிவரும். அதன்பின் புரொஜெஸ்தரோன் கருப்பையைப் பஞ்சணைபோல ஆயத்தஞ் செய்யும். கரு தங்காவிடின், ஏறத்தாழ இரு வாரத்தில் அவ்வோமோன் குறைய, அவ்வணை கழிந்து குருதியாக வெளியேறும். இது நோயுமன்று, தீட்டுமன்று. பொறி தன் கணக்கை முடித்துப் புதுக்கணக்குத் தொடங்குகின்றது, அவ்வளவே.

கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எம் தமக்கையார் மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு எனக்கும் ஆரும் இப்பிடிச் சொல்லியிருந்தால், நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டன், தம்பி."

அப்பொழுது அவருக்கு வயது 12. உள்ளே ஏதோ வெடித்துவிட்டதென்றும், தாம் இறக்கப்போவதாகவும் எண்ணி, ஒரு பகல் முழுவதும் கிணற்றடி வேலியோரத்தில் ஒளிந்திருந்தாராம். சில நாளிலே பந்தல் எழுந்தது, உற்றார் திரண்டனர், ஆலத்தி எடுத்தனர். எட்டு வயதுச் சிறுவராகிய நாம் பலகாரம் தின்று மகிழ்ந்தோம். ஊரையே அழைத்துச் சொன்ன செய்தியை, அதற்குரிய பிள்ளைக்கு மாத்திரம் ஒருவரும் விளக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக அதனை அவர் எவரிடமும் கூறியதுமில்லை.

மறு வெள்ளிக்கிழமை பையன் ஒரு கட்டை சுருதி குறைத்துப் பாடினான். குரல் இரண்டிடத்தில் உடைந்தது, அவன் நிறுத்தவில்லை. பூசை முடிந்ததும், அவன் தங்கைக்கும் வயது 10 ஆகிவிட்டதைத் தாயார் எமக்கு நினைவூட்டினாள். நாம் வாய் திறக்குமுன் தமக்கையார் எழுந்து, "அவளுக்கு நான் சொல்லுறன்" என்று கூறி, சிறுமியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றார்.