கறுப்பு மணலும் வெள்ளை வெளிச்சமும்!

'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணியிடம் ஒரு டவுட் கேட்டுக்கொண்டே பெட்ரோமாக்ஸ் லைட்டின் மேன்டிலை செந்தில் நொறுக்குவாரே... ஞாபகம் இருக்கா? அந்த வெள்ளை மேன்டிலுக்கும் நம்ம குமரி மாவட்டத்துக்கும் நூறு வருஷத்துக்கு மேலான சொந்தம் இருக்கு பாஸ்! நாகர்கோவிலில் குளச்சல் பஸ் ஏறி மணவாளக்குறிச்சியில் இறங்கினால், அந்தக் கதை காலடியிலேயே கிடக்கிறது.

இங்கே கடற்கரை மணல் கறுப்பு. ஒரு பிடி அள்ளினால் சாதா மணலைவிடக் கனம். அதில் கலந்திருக்கும் தாதுக்களில் ஒன்று மோனசைட். மோனசைட்டுக்குள் தோரியம். சூடானால் பளீரென்று வெளிச்சம் தரும் மேன்டிலுக்கான கலவையை, ஆஸ்திரிய விஞ்ஞானி ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-ல் பிடித்தார். 99 பங்கு தோரியம் ஆக்ஸைடு, 1 பங்கு சீரியம் ஆக்ஸைடு. அவ்வளவுதான்... ஐரோப்பாவே தோரியம் தேடி அலைந்தது. இங்கிருந்து போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909-ல் கண்டுபிடித்தவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். அப்போது இந்த ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானம். மணல் கப்பலேறியது. அதே காலத்தில்தான் பெர்லினில் மாக்ஸ் கிரேட்ஸின் கம்பெனி 'பெட்ரோமாக்ஸ்' விளக்கை உருவாக்கியது. பெட்ரோலியம் பிளஸ் மாக்ஸ்!

ஊருக்குள் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் பழைய பெட்ரோமாக்ஸ், பம்ப் ஸ்டவ்களுக்கு உயிர் கொடுக்கிறார் எழுபது வயசுப் பெரியவர். கல்யாணம், திருவிழா, ராத்திரி மீன்பிடி என்று ஒரு காலத்தில் ஓயாத வேலை.

"எங்கேருந்து ஆரம்பிக்கணும் பாட்டா?"

"வாசரைப் பாரு மக்களே. தோல் காஞ்சு போச்சுன்னா பம்பு காத்தைத் தள்ளாது."

காய்ந்த தோல் வாசரை ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறப் போடுகிறார். பித்தளை டேங்குக்குப் புளி. அடைத்த நிப்பிளுக்கு ஸ்டவ் பின். ஒட்டுப் போட்ட இடத்தில் கசிவு இருக்கா என்று பார்க்க, டேங்கைத் தண்ணீரில் அமுக்கிக் காற்றடிக்கிறார். ஒரே ஒரு குமிழி வந்தாலும் அந்த டேங்க் அவுட்!

பிறகு ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்ப் அடித்தால்... உஸ்ஸ்ஸ்! மண்ணெண்ணெய் ஆவியாகிச் சீறுகிறது. அது எரியும் சூட்டில் மேன்டில் வெள்ளையாய் ஜொலிக்கிறது. நம்ம தெர்மோடைனமிக்ஸ் புக் இதைவிட எளிமையாச் சொல்லாது!

ஆனா, பாட்டாவின் கவலையே வேற. ரேஷனில் மண்ணெண்ணெய் வருஷா வருஷம் குறைஞ்சுகிட்டே வந்தது. தோரியம் லேசான கதிரியக்கம் உள்ளது என்பதால் இப்போது பல மேன்டில்கள் இட்ரியத்தில் வருகின்றன. அதாவது, இந்த ஊர் மண்ணுக்கும் விளக்குக்குமான சொந்தமே அறுந்துகிட்டு வருது. இருக்கிற விளக்குகளையும் ரிசார்ட்காரர்கள் வாங்கிப்போய், டேங்கில் துளை போட்டு எல்.இ.டி. பல்பு மாட்டுகிறார்கள்.

"துளை போட்ட டேங்குல பிறகு காத்து நிக்குமா? ஆயிரம் ரூவா கூடத் தாறேன்னு ஒருத்தன் வந்தான். எரிய விடுறதா இருந்தா எடுத்துக்கோ, இல்லேன்னா இங்கேயே கெடக்கட்டும்னுட்டேன்" என்கிறார். அலமாரியில் அப்படிக் கிடப்பவை ஏழு. ஏழும் எரியும் கண்டிஷன்!

உங்க வீட்டுப் பரணில் ஒண்ணு கிடக்கா? பெட்ரோல் ஊத்தாதீங்க. சூட்டோட எண்ணெய் நிரப்பாதீங்க. உடைஞ்ச மேன்டில் தூளை மூக்கருகே கொண்டுபோகாதீங்க. முக்கியமா, டிரில்லிங் மெஷினைத் தூக்காதீங்க. வாசரை மாத்தி, தெரிஞ்சவர்கிட்ட காட்டி ஒரு தடவை ஏத்திப் பாருங்க. மேன்டில் பழசா இருந்தா, அந்த வெளிச்சத்தில் மணவாளக்குறிச்சி மணலும் கொஞ்சம் இருக்கலாம்!